பெயர் மாறும் மட்டும்

தியானப் பகுதி: ஆதியாகமம் 23, எரேமியா 32:6–15



நம் மானாம்பதிக் கடைத்தெருவில் ஒரு காலை கால் மணி நேரம் நின்று, போகிற சுமை வண்டிகளின் எண் பலகைகளைப் படித்துப் பாருங்கள். டி.என். என்று தொடங்கும் பலகைகளுக்கு நடுவே பி.ஒய்., கே.ஏ., ஏ.பி. என்று தொடங்குகிறவையும் கண்ணில் படும். அவற்றுள் சில வழிப்போக்கு வண்டிகள். வேறு சில நம் ஊர்க்காரர்களே ஓட்டுகிறவை. புதுச்சேரியிலோ பெங்களூரிலோ சித்தூரிலோ விலை குறைவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்தவை அவை.

“ஐயா, பாண்டிச்சேரியில் ஒரு பிக்கப் வண்டி பார்த்திருக்கிறேன். இங்குள்ள விலையைவிட முக்கால் லட்சம் குறைவு. வாங்கலாமா? ஜெபித்துச் சொல்லுங்கள்” என்று சபையில் பலர் என்னிடம் கேட்டதுண்டு. வண்டி வாங்குவதற்கும் வேதத்துக்கும் என்ன தொடர்பு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நம்மைப் போன்ற ஊரில் பிக்கப் வண்டி ஓர் ஆடம்பரமன்று. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டைகளைக் கொண்டு சேர்ப்பதும், விடியற்காலையில் காய்கறிக் கூடைகளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்வதும், கல்யாண வீட்டுக்குப் பாத்திரமும் துக்க வீட்டுக்கு நாற்காலியும் கொண்டுபோய் இறக்குவதும் அதுவே. நம் பாட்டனார்கள் மாட்டு வண்டியில் செய்த வேலையை, 2005-இல் டாடா ஏஸ் வந்தபின் நாம் ‘குட்டி யானை’யில் செய்கிறோம். 2011 முதல் ஓசூரிலிருந்து வந்த அசோக் லேலண்ட் தோஸ்தும், அதற்கும் முன்பிருந்தே ஓடுகிற மகிந்திரா பிக்கப்புகளும் நம் பிள்ளைகளுக்குச் சொந்தத் தொழில் என்னும் வாசலைத் திறந்தன. அந்த வாசலில் நுழைகிறவன் எப்படி நுழைகிறான் என்பது சபைக்கும் உரிய காரியம்.

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் நம் சபையின் இளைஞர் ஒருவர் அவ்வாறு நுழைய விரும்பினார். எட்டு ஆண்டுகளாகப் பிறருடைய வண்டியைக் கூலிக்கு ஓட்டியவர். தாயின் நகையும் மனைவியின் நகையும் அடகில் இருந்தன. கையில் ரொக்கமும், மீதிக்கு ஒரு கடன் ஏற்பாடும் இருந்தன. புதுச்சேரியில் பழைய வண்டிகளை விற்கும் ஒரு கடையில், 2019-ஆம் ஆண்டு வண்டி ஒன்று 4,85,000 ரூபாய்க்கு இருந்தது. அதே ஆண்டு வண்டிக்குக் காஞ்சிபுரத்தில் 5,60,000 கேட்டார்கள். அவருடைய தாயார் என்னிடம் வந்து, “ஐயா, அவன் கூடப் போய்ட்டு வாங்க. நாலு வார்த்தை பேசத் தெரிஞ்சவங்க ஒருத்தர் பக்கத்துல இருக்கட்டும்” என்று கேட்டுக்கொண்டார். வந்தவாசி, திண்டிவனம் வழியாக நாங்கள் இருவரும் பேருந்தில் சென்றோம்.

வண்டி நன்றாகவே இருந்தது. அவர் கீழே படுத்துச் சட்டத்தைப் பார்த்தார். இருக்கையை நகர்த்தித் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று பார்த்தார். மிதியடி விரிப்பைத் தூக்கி முகர்ந்தும் பார்த்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஆயிரக்கணக்கான வண்டிகள் மூழ்கியபின் நம் பக்கத்து மெக்கானிக்குகள் கற்றுக்கொடுத்த பாடம் அது. முழு நட்டம் என்று காப்பீட்டு நிறுவனம் கணக்கு முடித்த வண்டிகள் ஏலத்தில் போகும். பிறகு வெகு தூரத்தில் எங்கோ புது வண்ணத்தோடு நிற்கும். சேற்றின் வாடை மட்டும் எளிதில் போவதில்லை. சேஸிஸ் எண்ணின்மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, பதிவுச் சான்றிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டார். பதினேழு எழுத்துகளும் எண்களும் ஒத்திருந்தன.

விலையும் பேசி முடிந்தது. அப்பொழுது கடைக்காரர் மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு படிவங்களை எடுத்து வைத்தார். “பேர் மாத்துறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார். ஓனர் கையெழுத்துப் போட்ட இருபத்தொன்பதும் முப்பதும் கையில இருக்கு. பணத்தைக் குடுத்துட்டு இன்னிக்கே ஓட்டிட்டுப் போங்க. நாளைக்கே லோடு அடிக்கலாம்” என்றார். படிவம் 29 என்பது உரிமை மாற்றத்தை விற்பவர் அறிவிக்கும் தாள். படிவம் 30 அந்த மாற்றத்தைப் பதியக் கோரும் விண்ணப்பம். இரண்டிலும் கையெழுத்து இருந்தது. தேதி இல்லை, வாங்குபவர் பெயரும் இல்லை.

நம் ஊரில் மாடு வாங்கப் போகிறவன், அது யார் வீட்டுத் தொழுவத்தில் நின்றது என்று கேளாமல் கயிற்றைப் பிடிப்பதில்லை. “மாலைவரை நேரம் இருக்கிறதே, சான்றில் இருக்கும் முகவரிக்குப் போய் அந்தப் பெரியவரைப் பார்த்துவிட்டு வருவோம்” என்று இளைஞரிடம் சொன்னேன். அவரும் சம்மதித்தார்.

வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருந்தவருக்கு எழுபதுக்கு மேல் வயதிருக்கும். வண்டியை ஓட்டியவர் அவருடைய மகன். வெளிநாட்டில் வேலை கிடைத்தவுடன், ஆடி மாதத்தில் வண்டியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கடைக்காரர் மீதித் தவணையைக் கட்டி, காட்டிய இடங்களிலெல்லாம் தகப்பனாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். “நான் எப்பவோ வித்துட்டேனே தம்பி. இன்னும் என் பேருலயா ஓடுது?” என்று கேட்டார். பிறகு உள்ளே போய்க் கைப்பேசியை எடுத்து வந்தார். திண்டிவனத்துக்கு அருகே அதிவேகமாகச் சென்றதற்கு அபராதம் என்று அதில் ஒரு செய்தி இருந்தது. தான் போகாத ஊர், தான் ஓட்டாத நாள். யாரோ எண்ணைத் தவறாக எழுதிவிட்டார்கள் என்றே அவர் நினைத்திருந்தார். ஆடிக்கும் கார்த்திகைக்கும் இடையில் அந்த வண்டியை யாரோ ஓட்டியிருக்கிறார்கள்; அவருக்கோ ஒன்றும் தெரியாது.

பிரியமானவர்களே, அந்த வேகத்தில் வண்டி ஒரு குழந்தையின்மேல் ஏறியிருந்தால் நேர்ந்திருக்கக்கூடியது என்ன என்பதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, எவர் பெயரில் வண்டி பதியப்பட்டிருக்கிறதோ அவரையே உரிமையாளர் என்கிறது. வட இந்தியாவில் 2009-இல் நடந்த ஒரு விபத்தில், பின்னோக்கி வந்த கார் மோதி ஒரு பிள்ளை உயிரிழந்தது. அந்தக் கார் அதற்குள் ஒருவர் மாற்றி ஒருவராகப் பல கைகளுக்கு விற்கப்பட்டிருந்தது. பதிவேட்டிலோ முதல் மனிதரின் பெயரே நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. விற்றவரே ஆயினும், பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நீதிமன்றம் கூறிற்று.

அத்தீர்ப்பு கடுமையானது என்று தோன்றலாம். அதன் காரணத்தைச் சற்று சிந்தியுங்கள். பிள்ளையை இழந்த தாய், கைமாறிய ஒவ்வொருவரையும் ஊர் ஊராகத் தேடிப் போக முடியுமா? “நான் அவருக்கு விற்றேன், அவர் இவருக்கு விற்றார்” என்று ஒவ்வொருவரும் கைகாட்டினால் அவள் எந்த வாசலில் நிற்பாள்? பதிவேடு ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயர் பதில் சொல்ல வேண்டும். விபத்தில் அடிபட்டவருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் பிடி அதுவே. ஆகவே வண்டியின் பெயரை மாற்றாமல் ஓட்டுகிறவர், தனக்கு முன் அதை வைத்திருந்தவரின் கழுத்தில் தன் பாரத்தைத் தொங்கவிடுகிறார்.

ஒரு வண்டியின் விலையைக் கொடுத்தவுடன் அது உங்களுடையதாகிவிடுவதில்லை. பெயர் மாறும்போதுதான் உங்களுடையதாகிறது. பெயர் மாற்றத்தை அலைச்சல் என்றும் வீண் செலவு என்றும் எண்ணுகிறோம். அது பிறரன்பின் ஒரு செயல். விற்றவர் இரவில் நிம்மதியாகத் தூங்குவதற்காகவும், சாலையில் நாம் இன்னும் சந்திக்காத ஒருவர் நியாயம் பெறுவதற்காகவும், நாம் இல்லாத நாளில் நம் மனைவி மக்கள் அதை வழக்கின்றி வைத்துக்கொள்வதற்காகவும் செய்யும் காரியம் அது.

இப்பொழுது ஆபிரகாமைப் பாருங்கள். வெளி மாநிலத்தில் வாங்கப் போகிறவனுக்கு வேதத்தில் அவரைவிடப் பொருத்தமான முன்மாதிரி இல்லை. சாராள் எபிரோனில் மரித்தபோது அவர் அந்த நாட்டில் அந்நியர். அடக்கம் பண்ணச் சொந்தமாக ஒரு சாண் நிலமில்லை. மக்பேலாவின் குகை எப்பெரோனுக்கு உரியது. எப்பெரோன் அதைச் சும்மாவே கொடுப்பதாகச் சபை நடுவே சொல்கிறான். நம்மில் யாராயினும் ஸ்தோத்திரம் சொல்லி வாங்கிக்கொண்டிருப்போம். ஆபிரகாமோ பணிந்து, விலை கொடுத்தே வாங்குவேன் என்கிறார். 400 சேக்கல் வெள்ளியை அவர்கள் காதுகேட்க நிறுத்துக் கொடுக்கிறார். நிலம், குகை, எல்லையைச் சுற்றிலும் நிற்கும் மரங்கள் என்று யாவும் பெயர் சொல்லி உறுதிப்படுத்தப்படுகின்றன. அது நடந்த இடம் பட்டணத்து வாசல். சாட்சிகள் அவ்வழியே வந்துபோகிற அனைவரும்.

மாட்டுச் சந்தையில் நம் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆபிரகாம் தம் விலையைத் துண்டுக்கு அடியில் பேசவில்லை. இலவசமாக வந்த நிலம் எப்பெரோனுடைய பேரப்பிள்ளைகளின் காலத்தில் வழக்காகும் என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். அவர் அன்று சரியாகச் செய்த காரியத்தினால் அக்குகையில் அவரும், ஈசாக்கும் ரெபெக்காளும், லேயாளும், எகிப்திலிருந்து கொண்டுவரப்பட்ட யாக்கோபும் அடக்கம் பண்ணப்பட்டார்கள். ஒருவரும் எழுந்து ‘இது யாருடைய நிலம்’ என்று கேட்கவில்லை.

எரேமியாவின் காரியம் இன்னும் ஆச்சரியமானது. பாபிலோனின் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. தீர்க்கதரிசி காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்நேரத்தில் அவருடைய தகப்பனின் சகோதரருடைய மகனாகிய அனாமெயேல் வந்து, ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறான். பகைவர் கைக்குப் போகவிருக்கும் நிலத்துக்குப் பத்திரம் எதற்கு? ஆயினும் எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார், கையெழுத்திடுகிறார், சாட்சிகளை வைக்கிறார். முத்திரையிட்ட பத்திரம் ஒன்றும் திறந்த பிரதி ஒன்றும் பாருக்கின் கையில் ஒப்புவிக்கப்பட்டு, நெடுங்காலம் அழியாமல் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கப்படுகின்றன. தாம் காணப்போகாத ஒரு தலைமுறைக்காக அவர் காகிதத்தைச் சரிசெய்தார். விசுவாசம் என்பது சில வேளைகளில் ஒரு பத்திரத்தைப் பத்திரமாக வைப்பதாகவும் இருக்கிறது.

இதை எபிரேயர்களிடம்தான் கற்க வேண்டும் என்பதில்லை. நமக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவர்களில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை குடவோலைத் தேர்தலின் விதிகளைச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுடைய பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினர் பெயர்களையும் இடக்கூடாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னே நம் மண்ணின் மக்கள், பொதுவில் பொறுப்பேற்ற பெயர் பதில் சொல்ல வேண்டும் என்பதை எல்லாரும் வாசிக்கும்படி கல்லில் வெட்டினார்கள். அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வருகிற நாம், தேதியில்லாத தாளில் கையெழுத்து வாங்கி இழுப்பறையில் வைப்பது முறையா?

வெளி மாநிலத்தில் வண்டி வாங்குவது பாவமன்று. சட்டத்துக்கு விரோதமும் அன்று. அதற்கு ஒரு வழி இருக்கிறது. அதைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, பணம் கொடுக்கும் முன் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். தகுதிச் சான்றாகிய எப்.சி., காப்பீடு, கடன் பதிவு ஆகியவை எந்நாள்வரை, எந்நிலையில் உள்ளன என்பது தெரியும். நிலுவை அபராதங்களையும் பார்க்கலாம். கடன் கட்டி முடிந்திருந்தாலும், படிவம் 35 கொடுத்து அந்தப் பதிவை நீக்கும்வரை பைனான்ஸ் கம்பெனியின் பெயர் சான்றில் நிற்கும். அந்தப் பெரியவரின் வண்டியிலும் அவ்வாறே நின்றது.

இரண்டாவது, வண்டி பதிவான அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி., பெற வேண்டும். சட்டத்தின் 48-ஆம் பிரிவின்படி, வண்டிமேல் திருட்டு வழக்கு இல்லை என்று காவல் துறையின் அறிக்கை பெற்று, வரிப் பாக்கி இல்லை என்று பார்த்தே அச்சான்று தரப்படும். அதில் ஒட்டப்படும் பென்சில் பதிவே, தாளில் உள்ள வண்டியும் தரையில் நிற்கும் வண்டியும் ஒன்று என்பதற்குச் சாட்சி. தடையில்லாச் சான்று இல்லாத விலைக்குறைவு உண்மையான விலைக்குறைவு அன்று.

மூன்றாவது, நம் மாநிலத்துக்குக் கொண்டுவந்தபின் இங்கே பெயர் மாற்றம், புதிய எண், நம் மாநில வரி, தகுதிச் சான்று ஆகிய யாவும் செய்ய வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் உரிமை மாற்றத்தை அறிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைக்கப்படும் வண்டிக்கு அம்மாநிலத்துப் பதிவெண் பெறவேண்டும் என்கிறது 47-ஆம் பிரிவு. அதற்கு விண்ணப்பம் படிவம் 27. காப்பீட்டையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். சுமை வண்டிக்கு எட்டு ஆண்டு வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எப்.சி. உண்டு. வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்பட்டதானால் பெர்மிட்டும் வேண்டும். இச்செலவுகளையெல்லாம் விலையோடு கூட்டிய பின்னரே எது மலிவு என்று தீர்மானியுங்கள். கோபுரம் கட்டுகிறவன் முன்னதாக உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று நம் ஆண்டவர் போதித்தது வெறும் உவமைக்காக மட்டுமன்று. அதே அதிகாரத்தில், ஐந்து ஏர் மாட்டை வாங்கிவிட்டுப் பிறகு சோதிக்கப் புறப்பட்டு, அதனால் விருந்தை இழந்த மனிதனும் வருகிறான்.

இங்கே ஒரு சோதனையையும் சொல்ல வேண்டும். “புதுச்சேரியில் என் மைத்துனர் வீடு இருக்கிறது, அந்த முகவரியிலேயே பதிந்துவிட்டு இங்கே ஓட்டினால் வரி மிச்சம்” என்கிறவர்கள் உண்டு. வாகன வரி மாநிலங்களுக்கு உரியது. ஆகவே இடத்துக்கு இடம் வேறுபடும். 2017-இல், கேரளத்தில் வசிக்கும் சில பிரபலங்கள் விலையுயர்ந்த கார்களைப் புதுச்சேரி முகவரிகளில் பதிந்ததாகப் புகார்கள் எழுந்து, வழக்குகளாகி, நாளிதழ்களில் வெளிவந்ததை நீங்கள் வாசித்திருப்பீர்கள். கோடி ரூபாய்க் காராயினும் குட்டி யானையாயினும், நாம் குடியிராத வீட்டை நம் வீடு என்று எழுதிக்கொடுப்பது பொய்ச்சாட்சியே. நாம் ஓட்டித் தேய்க்கும் சாலைக்கு வரி கொடுப்பது, செலுத்த வேண்டியவற்றைச் செலுத்துங்கள் என்று பவுல் ரோமருக்கு எழுதிய கட்டளைக்குள் அடங்கியது.

நம் இளைஞரின் காரியத்துக்கு வருகிறேன். அன்று மாலை அவர் கடைக்குத் திரும்பிச் சென்று, “கடன் பதிவை நீக்கி, அபராதத்தைத் தீர்த்து, தடையில்லாச் சான்று வாங்கிக் கொடுங்கள். அதுவரை முன்பணம் பத்தாயிரம் மட்டும் தருகிறேன். படிவங்களில் என் பெயரையும் தேதியையும் பெரியவர் முன்னிலையில் எழுதுங்கள்” என்றார். கடைக்காரர் சிரித்தார். “இப்படிக் கேக்கிற மொத ஆளு நீங்கதான். அடுத்த வாரமே வேற ஆளு எடுத்துட்டுப் போயிடுவாரு” என்றார். நம்மவர் அதற்கு வாதாடவில்லை. “எடுத்தால் எடுக்கட்டும் சார்” என்று மட்டும் சொன்னார். பேருந்தில் திரும்பி வரும்போது நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தப் பெரியவர் எங்கப்பா மாதிரியே எழுந்து நின்னாரு ஐயா” என்றார். அவருடைய தகப்பனார் மரித்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

வண்டியை வேறு யாரும் எடுக்கவில்லை. ஆனால் சான்றுகள் யாவும் முடிய ஏழு வாரங்கள் ஆயின. இங்கே புதிய எண் கிடைத்தபோது மாசி பிறந்துவிட்டது. தை மாத அறுவடையில் நெல் மூட்டை ஏற்றிச் சம்பாதித்திருக்க வேண்டிய கூலியில் பெரும்பகுதி போயிற்று. வரி, எப்.சி., காப்பீடு, புதுச்சேரிக்கு நான்கு முறை போய்வந்த செலவு ஆகியவற்றோடு அந்த இழப்பையும் கூட்டினால், முக்கால் லட்சம் மிச்சம் என்று நினைத்ததில் பத்தாயிரம்கூடத் தேறவில்லை. நீதியாய் நடந்ததால் கர்த்தர் இரட்டிப்பாகத் தந்தார் என்று உங்களுக்கு ஒரு சாட்சி சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. நகைகள் இன்னும் அடகில் இருக்கின்றன. சரியானதைச் செய்வதற்கு ஒரு விலை இருக்கிறது. அதை அவர் கொடுத்தார். ஆபிரகாமுக்கும் 400 சேக்கல் திரும்ப வரவில்லை.

வந்தது ஒன்று உண்டு. தடையில்லாச் சான்று கிடைத்த நாளில் அந்தப் பெரியவருக்குத் தொலைபேசியில் சொன்னார். புதிய எண் கிடைத்த நாளில், தம் பெயர் அச்சான பதிவுச் சான்றைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினார். பெரியவருக்குப் படத்தைத் திறக்கத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வாசித்துக் காட்டியிருக்கிறாள். பிறகு அவரே அழைத்து, “இனிமே எனக்கு மெசேஜ் வராதில்ல தம்பி?” என்று கேட்டாராம். “வராது ஐயா. இனி வந்தா எனக்குத்தான் வரும்” என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார்.

பிரியமானவர்களே, அந்தப் பதிலில் சுவிசேஷத்தின் சாயலை நான் காண்கிறேன். நம்மேல் வரவேண்டிய குற்றப்பத்திரத்தைத் தம்மேல் ஏற்றுக்கொண்ட ஒருவரின் நாமத்தினாலேயே நாம் சபையாகக் கூடுகிறோம். அவர் நமக்காகச் சுமந்தது நம்முடைய பாரம். அவர் செய்யாததற்கு அவர் பதில் சொன்னார். அப்படி விடுவிக்கப்பட்ட நாம், நம்முடைய பாரத்தை ஏதுமறியாத வேறொருவர் பெயரில் விட்டுவைக்கலாமா?

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் நிற்கும் வண்டியின் பதிவுச் சான்றை எடுத்துப் பாருங்கள். இரு சக்கர வண்டியாயினும் டிராக்டராயினும் பிக்கப்பாயினும், அதில் யார் பெயர் இருக்கிறது? மரித்துப்போன தகப்பனார் பெயரா, விற்றவர் பெயரா, உங்கள் பெயரா? அடுத்து, நீங்கள் விற்ற பழைய வண்டியின் எண்ணை நினைவுபடுத்திப் பாருங்கள். அது இன்னும் உங்கள் பெயரில் எந்தச் சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறதோ! விற்பவரும் உரிமை மாற்றத்தை அறிவிக்க வேண்டும். அதே மாநிலத்துக்குள் 14 நாள், வெளி மாநிலப் பதிவானால் 45 நாள் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் தாள்களைக் கொண்டுவாருங்கள். படிவம் நிரப்பத் தெரிந்த தம்பிமார் இருவர் போதகர் இல்லத் திண்ணையில் அமர்ந்திருப்பார்கள். நம் பிக்கப்காரரும் அவர்களில் ஒருவர்.

ஜெபிப்போம். எங்கள் பரம பிதாவே, எங்கள் கைகளின் பிரயாசத்தையும் எங்கள் வண்டிகளின் சக்கரங்களையும் நீர் காத்தருளும். மலிவைத் தேடும்போது நியாயத்தை மறவாதபடி எங்களை நடத்தும். நாங்கள் கண்டிராத அயலானையும் நினைத்துக் கணக்கை நேர்செய்யும் இருதயத்தைத் தாரும். புதுச்சேரியிலுள்ள அந்தப் பெரியவருக்கும் கடல் கடந்திருக்கும் அவருடைய மகனுக்கும் சமாதானம் அருளும். அடகில் இருக்கும் நகைகளை மீட்க எங்கள் சகோதரனுக்கு வேலையைக் கட்டளையிடும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம். ஆமென்.